ரெண்டாந்தலைவர் போட்ட ஒரே உத்தரவு

தாப்பா ரோட்டில் ஈப்போவைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். உடம்பில் இரண்டு சட்டைகள். உள்ளே இருந்தது என்னுடையது. மேலே இருந்தது என்னோடு ஒரே கப்பலில் வந்த வீரனுடையது. அவனுக்கு இனிச் சட்டை தேவையில்லை. நடக்க நடக்க, நான் விட்டுவந்த ரப்பர் தோட்டத்து ரெண்டாந்தலைவரே நினைவில் வந்தார். பேராக் மாநிலம் முழுக்கத் தேடினாலும் அவரைப்போலப் பதவியைக் காதலித்த மனிதர் கிடைக்கமாட்டார். அந்தப் பதவியில் வேலை என்று எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

மாரியம்மன் திருவிழா முடிந்ததும் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் ஜனங்கள் கைதூக்கிப் பஞ்சாயத்துக்கு ஆள் எடுப்பார்கள். அதிகக் கை கிடைத்தவர் தலைவர், அடுத்தவர் ரெண்டாந்தலைவர். தலைவர் தோட்டத்துக்குள் இருக்கும்வரை இவர் வாய் திறக்கக்கூடாது. தலைவர் எல்லைப் பாலத்தைத் தாண்டிவிட்டால், திரும்பி வரும்வரை இவர் சொல்வதுதான் சட்டம். அப்படிச் சொன்னதைப் பிறகு தலைவராலும் மாற்ற முடியாது.

அதனாலேயே தலைவர் ஆறு வருஷமாகப் பாலத்தை மிதிக்கவில்லை. ஈப்போ பக்கம் சிலிபினில் சொந்த மகள் பிள்ளை பெற்றபோதும் மனைவியை மட்டும் அனுப்பிவைத்தார்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிட்டால் எல்லோரும் "இருக்கேன்" என்பார்கள். நம்மவர், "தலைவர் இருக்காருங்களா?" என்பார். பால் வெட்டும் நேரத்தில் மரங்களுக்கு உத்தரவு போட்டுப் பழகுவார். "வரிசை கலையாம நில்லு!" மரங்கள் கேட்டன.

ஒருமுறை தலைவருக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது.

"ஈப்போவுல ஒரு சீனன் வலிக்காமப் புடுங்குறானாம், தலைவரே. போயிட்டு வாங்களேன்."

"ஏன், நான் அங்கிட்டுப் போனதும் நீ இங்கிட்டுத் தலைப்பாக் கட்டவா? பல்லு இங்கயே விழட்டும்!"

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாளில்தான் வீரனுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் போய்விட்டான்.

தலைவர் வந்து பார்த்தார். "சொந்தம் இல்லாதவனுக்குத் தோட்டத்து இடுகாட்டுல எடம் கெடையாது. டவுன் வண்டிக்குச் சொல்லி விடுங்க."

"நான் இருக்கேன், தலைவரே."

"நீ அவனுக்கு மாமனா, மச்சானா? கூட வந்தவன்தானே?"

டவுன் வண்டி ஏற்றிக்கொண்டு போகும் பிணத்தை எங்கே போட்டார்கள் என்று கேட்க முடியாது. நான் வீரன் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டேன். தலைவரோடு வந்திருந்த ரெண்டாந்தலைவர் என்னைப் பார்த்தார். வீரனைப் பார்த்தார். வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தார். "தலைவரே! தொரை காரு பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. ஒங்களைத்தான் கூப்பிடுறாரு!"

பல்லுக்கும் பேரப்பிள்ளைக்கும் தாண்டாத மனிதர், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பெயரைக் கேட்டதும் துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் காரும் இல்லை, துரையும் இல்லை. வழியில் விழுந்த அந்தத் துண்டை எடுத்து வந்திருந்த ரெண்டாந்தலைவர் அதைத் தலையில் கட்டினார்.

"தலைவர் எல்லைக்கு வெளிய! நான் சொல்றேன், வீரனுக்கு நம்ம எடத்துல குழி வெட்டுங்க!"

தலைவர் திரும்பிப் பாலத்தில் கால் வைப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார். முழு ஆட்சியும் அவ்வளவுதான். வீரனைப் பெரிய புளியமரத்துக்குப் பக்கத்தில் புதைத்தோம். முதல் மண்ணை அவரே போட்டார்.

அன்று சாயங்காலமே தலைவர் மறுபடி கை தூக்கச் சொன்னார். ரெண்டாந்தலைவருக்கு ஒரு கைதான் எழுந்தது. அது என்னுடையது. என் கை செல்லாது, நாளையிலிருந்து எனக்கு வேலையும் இல்லை என்றார் தலைவர்.

காலையில் ரெண்டாந்தலைவர் பாலம்வரை கூடவே வந்து, பாலத்துப் பலகையில் கால் வைக்காமல் நின்றுகொண்டார்.

"அதான் பதவி போச்சே, ரோடு வரைக்கும் வாங்கண்ணே."

"நானும் தாண்டிட்டா வீரனை யாருடா பாத்துக்குவா? நீ போ."

பாதி வழியில் ஒரு மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். மறுநாள் காலை சிலிபினில் ரோட்டுக்குக் கல் உடைக்க ஆள் எடுத்தார்கள். வேலையை மேய்க்கும் மண்டோர் என் பெயரை எழுதிக்கொண்டு, "செத்துகித்துப் போனா யாருக்குச் சொல்லி விடணும்?" என்று கேட்டான்.

"ரெண்டாந்தலைவருக்கு."

"அது யாருய்யா? ஒனக்கு என்னா வேணும்?"

"அண்ணன்" என்றேன். அவன் எழுதிக்கொண்டு சுத்தியலைக் கையில் கொடுத்தான்.