எழுந்து போகச் சொன்ன இசைத்தட்டு

பழைய இசைத்தட்டுகளைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நாளில் ஒரு தட்டு பிரபலமாகிவிட்டால் அதனிடமிருந்து தப்பவே முடியாது. முப்பதுகளில் ஒரு வருஷம், மயிலாப்பூரில் காப்பி கிளப்பிலிருந்து வக்கீல் வீடுவரை ஒரே நாடகப் பாட்டுதான். துஷ்டனைக் கதாநாயகி விரட்டுகிற பாட்டு. அந்தச் சனியனை நானே எங்கள் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

என் தங்கை கமலாவைப் பெண் பார்க்கச் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வருவதாக இருந்தார்கள். எங்கள் நாகரிகத்தைக் காட்ட, நண்பனிடம் கிராமபோனையும் அந்தத் தட்டையும் இரவல் வாங்கியிருந்தேன். "ஒவ்வொரு தரமும் ஊசியை மாத்துடா" என்று அவன் படித்துப் படித்துச் சொன்னான். (எனக்கா தெரியாது? பி.ஏ. ஆயிற்றே!) ஒத்திகை என்ற பெயரில் காலையிலிருந்து ஒரே ஊசியால் பதினைந்து தரம் அந்தத் தட்டைத் தேய்த்திருந்தேன்.

பிள்ளையின் அப்பா சொஜ்ஜியில் கைவைக்கிற நேரம் பார்த்துத் தட்டைச் சுழலவிட்டேன். முதல் வரி அமிர்தம். இரண்டாவது வரியில் ஊசி சிக்கிக்கொண்டது.

"எழுந்து போம்... எழுந்து போம்... எழுந்து போம்..."

அவர் கை அப்படியே நின்றது. "ஏன் ஓய், வந்தவாளை உங்காத்துல இப்படித்தான் உபசரிப்பேளா?" என்று என் அப்பாவைக் கேட்டார்.

"சாமா, நிறுத்தித் தொலைடா!" என்று அப்பா அலறினார்.

நிறுத்துகிற விசையை இழுத்தேன். அது கையோடு வந்துவிட்டது. பதற்றத்தில் பக்கத்திலிருந்த திருகைத் திருப்பினேன். அது வேகத்தைக் கூட்டுகிற திருகாம்! கதாநாயகி மூச்சுவிடாமல் விரட்ட ஆரம்பித்தாள். பிள்ளையின் அப்பா எழுந்தேவிட்டார். இரண்டு வருஷம் அலைந்து பொருந்திய ஜாதகம். அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது கமலா உள்ளேயிருந்து விடுவிடுவென்று வந்தாள். ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"அண்ணாவுக்கும் மெஷினுக்கும் ஆகாது, மாமா. உக்காருங்கோ, சொஜ்ஜி ஆறிடும்" என்றாள்.

பெண் பார்க்கும்போது பெண் வாய் திறக்கிற காலமா அது! அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைதான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உக்காருங்கோப்பா" என்றார். அவர் அப்பாவும் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

கல்யாணம் நடந்தது. ஆனால், அந்த மாப்பிள்ளை தம் வீட்டுக்கு வருகிறவர்களிடம் இன்றுவரை என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்:

"இவர் என் மச்சினர். பயப்படாதேங்கோ, கையைக் கட்டிண்டுதான் உக்காருவார்."

நானும் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.