சைன் அங்கிளும் திவாலான சேகரும்

எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் கடனே வாங்காதவர்கள் இருக்கலாம். சைன் அங்கிளின் கையெழுத்து இல்லாமல் கடன் வாங்கியவர் ஒருவரும் இருக்க முடியாது.

அங்கே எங்கள் கணக்கு அலுவலகத்தின் மூத்த கிராணி, அதாவது குமாஸ்தா, அவர். மோட்டார் சைக்கிளா, கல்யாணக் கடனா, ஜாமீனுக்கு ஆள் வேண்டுமா? சட்டைப் பையிலிருந்து பேனா தானாக வெளியே வரும். "ஏன் அங்கிள், படிச்சுப் பார்க்க மாட்டீங்களா?" என்றால், "படிச்சா பயம் வரும் லா" என்பார்.

"இவரை அரிசி வாங்க அனுப்பினா கடைக்காரனுக்கும் சைன் போட்டுட்டு வருவாரு" என்பது அவர் மனைவியின் நிரந்தரப் புலம்பல்.

கிள்ளானை அடுத்த மேருவில் கேட்டரிங் நடத்திய சேகரின் கடனுக்கும் ஜாமீன் போட்டார். வியாபாரம் படுத்தது. சேகர் தானே மனுப்போட்டுத் திவாலானான். செய்தி வந்த அன்று அங்கிள் ஆபீஸ் முழுக்க வடை வாங்கிக் கொடுத்தார். "பாவம், ஒரு வழியா கடன் தொலைஞ்சது!"

மறு வாரமே பாக்கி முழுவதையும் அவரிடம் கேட்டு வங்கி ஆள் அனுப்பியது. அவர் வங்கிக்குக் கிளம்ப, துணைக்கு நானும் போனேன். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண்.

"அங்கிள், திவாலானது அவரு. நாங்க இனிமே அவரை நெருக்க முடியாது. நீங்க போட்ட ஜாமீன் அப்படியே இருக்கு."

"அப்போ அவனுக்கு முடிஞ்சது, எனக்கு ஆரம்பமா?"

அவள் தலைகுனிந்தாள்.

"நீயும் பாவம் மா. தினமும் எத்தனை பேருக்கு இதைச் சொல்லுவே?" என்றார் அங்கிள். ஜாமீன் போட்டவரே வங்கிக்கு ஆறுதல் சொன்னதை அன்றுதான் பார்த்தேன்.

மாதத் தவணைக்குப் பேசி முடித்தோம். கார் விலை போனது. ஓய்வு பெற வேண்டியவர், முதலாளியிடம் கெஞ்சி வேலையில் நீடித்தார். கிள்ளான் வீட்டுக்கு ரயிலில், பெரும்பாலும் நின்றுகொண்டே, போய்வந்தார்.

ஒரு சாயங்காலம் சென்ட்ரல் ஸ்டேஷனில் சேகர் எங்களைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் மறைந்தான். ஆள் பருமன், தூண் போதவில்லை.

"டேய், வெளிய வா! காசு கேக்கல. சாப்டியா?"

சேகர் வந்து நின்று, "அண்ணே..." என்று ஆரம்பித்தவன் தேம்பி அழுதான். அங்கிள் அவனுக்கு ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்குக் கோவமே வராதா அங்கிள்?"

"வருது லா. ஆனா நிக்கவே தெம்பு இல்ல. அதையும் எங்க தூக்கிட்டுப் போறது?"

அன்று ரயிலில் அதிசயமாக இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் இறங்க வேண்டியது வழியிலேயே வரும் சுபாங் ஜெயா. கதவு திறந்தது, மூடியது. தோளை அசைக்காமல் கிள்ளான் வரைக்கும் போனேன்.