என் போனுக்குள் எத்தனை பேர்?

கூச்சப்படுகிறவள் பொய் சொல்ல மாட்டாள் என்று எங்கள் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நம்பித்தான் என் மருமகள் சுபா மோசம் போனாள். எப்போதாவது வாய் திறக்கிறவள் நான். திறந்த அன்றைக்கு அவளுடைய ஆபீஸ் மொத்தத்தையும் சுற்றலில் விட்டேன்.

சுபா வள்ளியூர்ப் பெண். கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பாள். அப்போது ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். அது என்ன செய்யும் என்று எனக்கு (ஐந்தாம் வகுப்பு, அதுவும் அரைப்பரீட்சை வரை) விளங்கும்படி சொன்னாள்.

"ஒவ்வொரு மிஷினுக்குள்ளயும் வேலைக்காரங்க இருக்காவ அத்தை. கோர்னு பேரு. எத்தனை பேரு, யாரு பலசாலி, யாரு நோஞ்சான், எந்த ரெண்டு பேரு ஒரே அலமாரியைப் பங்கு போடுதாவன்னு என் புரோகிராம் கேட்டுத் தெரிஞ்சுக்கிடும். ஆனா லேப்டாப்புட்ட கேக்க மாதிரி போன்ட்ட கேக்க முடியாது. ஒண்ணு நேராச் சொல்லும். ஒண்ணு ஒரு ஆளையே ரெண்டு ஆளாக் காட்டும். ஒண்ணு முழிச்சிருக்கவங்களை மட்டும் சொல்லிட்டு, தூங்குதவங்களை விட்டுரும்."

எங்கள் தெருவில் கணக்கெடுக்க ஆள் வந்தாலும் இதேதான் நடக்கும் என்பதால் எனக்கு உடனே பிடிபட்டது. (பிடிபட்டதுதான் வினை.)

அன்றைக்கு மேலதிகாரிகள் வீடியோவில் உட்கார்ந்து சோதிக்கிற நாள். எல்லா வகை மிஷினிலும் சரியான எண் வந்தால் சுபா வீட்டிலேயே இருக்கலாம். வராவிட்டால் பெங்களூருக்குப் போய் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும், எத்தனை மாதமோ. என் மகனும் கூடவே கிளம்பிவிடுவான். அப்புறம் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். அவர் மில் இரைச்சலில் காது மந்தமானவர், நான் பேசாதவள்.

லேப்டாப்புகள் தேறிவிட்டன. கடைசியில் என் போன். எழுதினவள் தொடவும் கூடாது, பார்க்கவும் கூடாது, சாதாரண ஆள் ஒருவர்தான் ஓட்டி வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். வீட்டில் என்னைவிடச் சாதாரணமான ஆள் கிடையாது. காமிரா முன்னால் உட்கார வைத்துவிட்டாள்.

திரை முழுக்க முன்பின் தெரியாத முகங்கள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, அவள் சொல்லித் தந்த இடத்தில் அழுத்தினேன். எட்டு என்று வந்தது.

"சொல்லுங்கம்மா, உங்க போன்ல எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டார் அவர்களில் தலைவர்.

பெற்ற பிள்ளையைக்கூட எண்ணிச் சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும் என்று வளர்ந்தவள் நான். தின்ற இட்லியையே குறைத்துத்தான் சொல்வேன். எட்டுப் பேரும் உள்ளே சுகமாக இருக்கிறார்கள், அந்நியரிடம் போய்...

"ஆறு" என்றேன்.

"உங்க போன் மாடலுக்கு எட்டு வரணுமே!" என்றார் அவர். சுபாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, நல்லாப் பாருங்க."

இத்தனை பேர் துருவித் துருவிக் கேட்டால் எனக்குப் பயம் வராதா? "அஞ்சு."

"ஐயோ, குறைஞ்சுக்கிட்டே போகுது! சூட்டுல ஒவ்வொண்ணா அணையுதோ? அம்மா, போன் சுடுதா?"

இறுக்கிப் பிடித்ததில் என் கையே கொதித்தது. "ஆமா." (அதுவரை நான் சொன்ன ஒரே உண்மை.)

எங்காவது குளிர்ச்சியாக வைக்கச் சொன்னார்கள். அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தின் மூடியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, போனை அங்கேயே விட்டுத் திரும்பினேன். சுபாவின் கண்ணில் நீர் தளும்பியது. பாவமாக இருந்தது. கேட்கும் முன்னே "ஏழு" என்றேன்.

கைதட்டினார்கள்! காரணம் பிடிபட்டுவிட்டதாம். தலைவர் சொன்னார்: "உங்க புரோகிராம் தூங்குறவங்களை விட்டுடுது சுபா. பெரிய வேலை இருக்கு. பெங்களூர் வந்துடுங்க."

உண்மையைச் சொல்ல நாக்கைப் புரட்டினேன். அது என்றைக்குப் புரண்டது?

அந்நேரம் அடுப்படியில் தண்ணீர் குடிக்கப் போன என் வீட்டுக்காரர் ஒரு சத்தம் போட்டார். (மந்தக் காதுக்காரர், பைய பேசி நான் கேட்டதில்லை.)

"ஏளா, போனை எதுக்குக் குடத்து மேல வச்சிருக்க? எட்டுன்னு என்னமோ போட்டிருக்கு!"

பெங்களூர் வரை கேட்டுவிட்டது. சுபா பைய என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை... எப்பருந்து எட்டு?"

"மொதல்லருந்தே எட்டுதான் பிள்ள. எண்ணிச் சொல்லக் கூடாதுல்லா... கண்ணு பட்டுரும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் இன்னொரு தடவை சிரித்தார். "புரோகிராம் பாஸ். எல்லா மிஷின்கிட்டயும் கேட்கத் தெரிஞ்ச உங்களுக்கு, உங்க அத்தைகிட்ட கேட்கத் தெரியலையே சுபா!"

சுபா எங்கேயும் போகவில்லை. என் வீட்டுக்காரருக்குத்தான் கொண்டாட்டம். சாப்பிட உட்கார்ந்தால், "மூணு இட்லின்னு சொல்லுதாளா? அப்ப அஞ்சு தின்னுட்டா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்.

போன மாதம், மாசமாக இருக்கிற சுபாவைத் திருநெல்வேலிக்கு ஸ்கேனுக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் என்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுத மாட்டேன். சாயங்காலம் வீடியோவில் ஆபீஸ்காரர்கள், "எல்லாம் நல்லா இருக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

"ஒண்ணுதான் சார்" என்றாள் அந்தப் படித்த பெண், என் பக்கம் திரும்பாமலே.

திரையிலிருந்து அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்: "அப்ப ரெண்டா!"