மூக்கண்ணனும் சோழிச் செருப்பும்

ஆம்பூரில் பிறந்த எங்களுக்கெல்லாம் மூக்கு என்பது கண்ணாடி மாட்டத்தான். வாசனை பிடிக்க மூக்கு வைத்திருந்தவர் ஊரிலேயே ஒருவர்தான்: எங்கள் செருப்பு கம்பெனி மூக்கண்ணன். மூடிய டிபன் பாக்ஸை முகர்ந்து, "குழம்புல உப்பு கம்மி" என்பார். அப்படியே இருந்து தொலைக்கும். அவர் முகர்ந்து தலையாட்டாமல் ஒரு ஜோடிகூட பெட்டியில் ஏறாது. சட்டமெல்லாம் இல்லை, பழக்கம்.

அந்த முறை வாரில் சோழி தைத்த லேடீஸ் செருப்பு. சோழி மூட்டையைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான், லைன் சூப்பர்வைசர். முந்தின ஆர்டர் பசைக் கறையால் திரும்பி வந்திருந்தது. "இதுவும் திரும்பினா நீ திரும்பி வராத" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மூன்று மணிக்குச் சரக்கைச் சோதிக்க, ஆர்டர் கொடுத்த கம்பெனியின் இன்ஸ்பெக்டரம்மா வருகிறார். பன்னிரண்டு மணிக்கு மூக்கண்ணன் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"செத்த வாடை அடிக்குது. பேக்கிங்கை நிறுத்து."

"தோல் கம்பெனில மல்லிப்பூ வாசனையா அடிக்கும்? எறங்குண்ணா!"

"இருநூறு ஜோடியையும், கூடுதலா தெச்சதையும் பின்னாடி செவுரோரமா வெயில்ல வை. அப்பதான் வாடை எழும்பும்."

மேனேஜர் கத்தினார். நான் கெஞ்சினேன். மனுஷர் அசையவில்லை. வேறு வழி? பரப்பினோம்.

ஒரு மணி நேரம் சும்மா நின்றார். பிறகு குனிந்து குனிந்து ஒவ்வொன்றாக முகர்ந்து, பதினோரு ஜோடியை ஒதுக்கினார். "இன்னா பேஜாரு இது!" என்று ஒரு சோழியைச் சுத்தியலால் உடைத்தேன். உள்ளே கறுப்பாக, சொதசொதவென்று ஏதோ. என் மூக்குக்கும் அன்றுதான் தன் வேலை ஞாபகம் வந்தது.

சோழி என்றால் எங்களுக்குப் பாசிமணி மாதிரி. அது ஒரு சின்னக் கடல் நத்தையின் ஓடு, உள்ளே ஓர் உயிர் இருந்திருக்கும், அதைச் சுத்தம் செய்தார்களா என்று பார்க்க வேண்டும் என்பது கடலே பார்க்காத எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கூடுதலாகத் தைத்து வைத்திருந்ததைக் கொண்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டினோம். இன்ஸ்பெக்டரம்மா பெட்டியைத் திறந்து ஒரு செருப்பை மூக்கருகே கொண்டுபோனபோது நான் மூச்சு விடவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகுதான் விட்டேன்.

சாயங்காலம் டீக்கடையில் கேட்டேன். "எப்டிண்ணா? உடைச்சப்புறந்தான எனக்கே தெரிஞ்சுது?"

அவர் கிளாஸையே பார்த்தார். "காய்ச்சல் வந்துச்சேம்மா, அதோட மூக்கு போய்ட்சி. அந்தப் பெட்டியாண்ட எறும்பு ஊர்றதப் பாத்தேன். வெயில்ல வெச்சு, எறும்பு ஏறினதெல்லாம் ஒதுக்கிட்டேன். யாராண்டையும் சொல்லிடாத. மூக்கு இல்லேன்னா எனக்கு இன்னா வேலை குடுப்பாங்க?"

சொல்லவில்லை. இப்போது அவர் ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிறார், அதனால் எழுதுகிறேன். அதுவரை தினமும் காலையில் முதல் ஜோடியை அவரிடம் நான்தான் நீட்டுவேன். கண்ணை மூடி, ஆழமாக முகர்ந்து, கம்பீரமாகத் தலையாட்டுவார். அதில் எறும்பு இருக்கிறதா என்று அதற்கு முன்பே நான் பார்த்திருப்பேன்.