சுக்தேவ் நோனியா இன்னும் கீழே இருக்கிறார்

ஃபேஸ் என்னும் ஆங்கிலச் சொல் தன்பாத் பக்கத்து நிலக்கரிக் கோலியரிகளில் வெகுகாலமாக மரியாதையோடு வாழ்ந்துவருகிறது. பூமிக்கடியில் கரி வெட்டும் இடத்துக்குப் பெயர் ஃபேஸ். கடிகாரத்தின் தட்டும் ஃபேஸ். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வரும்போது மேலாளர் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதும் அதுவே. கார்த்திகை மாதத்தில் நிர்வாகம் அந்தச் சொல்லுக்கு மேலும் ஒரு உத்தியோகம் கொடுத்தது. இனி வருகைப் பதிவு முகத்தால்தான். காலையில் இயந்திரத்துக்கு முகத்தைக் காட்டினால் இறங்கினார் என்று பொருள். மாலையில் காட்டினால் ஏறினார். காட்டாதவர் கீழே இருக்கிறார்.

குறை சொல்ல முடியாத ஏற்பாடு. முதல் நாள் காலையில் எல்லோரும் குளித்துத் தலைவாரி வந்து முகம் காட்டினார்கள். மேலாளர் முகுட்டி சாஹபும் முன்மாதிரியாக முகம் காட்டிவிட்டு, டோலி என்னும் இறக்குக் கூண்டில் ஏறி அவர்களோடு குழிக்குள் இறங்கினார். எல்லோரும் மாலையில் மேலே வந்தபோதுதான், கரி வெட்டுகிறவனின் முகத்தில் கரி படியும் என்ற செய்தி இயந்திரத்துக்குச் சொல்லப்படவில்லை என்று தெரிந்தது.

வரிசையில் முதலில் நின்றவன் சுக்தேவ் நோனியா. அவனுக்கு அவசரம் இருந்தது. அன்று சூரியனுக்குச் செய்யும் சட் விரதம். மகள் டைபாய்டில் பிழைத்தால் பூசைக் கூடையைத் தன் தலையில் சுமந்து குளத்துக்குக் கொண்டுவருவதாக அவன்தான் வேண்டிக்கொண்டிருந்தான். மனைவி ராஜ்மதி முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சூரியன் இறங்குவதற்குள் கூடை குளத்துக்குப் போயாக வேண்டும். கரும்பும் தேக்குவாப் பலகாரமும் நிறைந்த கூடையோடு அவள் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள்.

இயந்திரம் அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தது. "அடையாளம் தெரியவில்லை. ஊழியர் சுரங்கத்துக்குள் இருக்கிறார்" என்றது.

"பாபு, நான் இங்கதானே நிக்கிறேன்" என்றான் சுக்தேவ்.

ஹாஜிரி பாபு திரிவேணி, வருகைப் பதிவில் தலை நரைத்தவர். "நீ நிக்கிறது எனக்குத் தெரியுதுடா. ஆனா நீ கீழ இருக்கே. என்ன செய்யச் சொல்றே?"

"முகத்தைக் கழுவிட்டு வரட்டுமா?"

"குளியலறை கதவுக்கு அந்தப் பக்கம். அது வெளிய வந்தவங்களுக்கு. நீ இன்னும் வரலியே."

சுக்தேவ் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். துண்டும் அதே நிறம். கரி இடம் மாறியதே தவிரக் குறையவில்லை.

"ஏங்க, பொழுது சாயுது" என்று ராஜ்மதி கதவுக்கப்பாலிருந்து கூப்பிட்டாள். "அங்க என்ன பேச்சு?"

"நான் இன்னும் மேல வரலையாம்."

"யாரு சொன்னா?"

"மிஷின்."

"அப்ப என்கூடப் பேசறது யாராம்?"

சுக்தேவ் சிரிக்கத்தான் நினைத்தான். ஆனால் இத்தனை வருஷம் கீழேயே கழித்த ஒருவன் ஒவ்வொரு மாலையும் முழுசாக மேலே வந்துவிடுகிறானா என்று ஒரு கணம் அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

பின்னால் நின்ற முகுட்டி சாஹப் முன்னே வந்தார். அவர் முகமும் கரிதான். "விதியில ஒரு வழி இருக்கு. ஆள் கீழ இருக்கானான்னு சந்தேகம் வந்தா, குழி வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடணும்." அவர் குழியை நோக்கி உரக்கக் கூவினார். "சுக்தேவ் நோனியா!"

பக்கத்தில் நின்ற சுக்தேவ், ஆஜர் சொல்லும் பழக்க தோஷத்தில், "ஹாஜிர், சாஹப்!" என்றான். குழி அந்தக் குரலை வாங்கி, "ஹாஜிர், சாஹப்" என்று திருப்பித் தந்தது.

"கீழயிருந்துதான் வருது" என்றார் சாஹப் கவலையோடு.

"அண்ணே, நீ ஏன் வாயத் திறந்தே?" என்று வரிசையிலிருந்து ஒருவன் திட்டினான். "இப்ப பாரு, சாட்சியும் ஆயிடுச்சு!"

கம்பிகளுக்கிடையே வெயில் சிவந்துவிட்டது. ராஜ்மதி சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை திரிவேணி பாபுவையும் தொட்டிருக்க வேண்டும். இயந்திரத்தைத் தடவித் தடவி ஒரு வசதியைக் கண்டுபிடித்தார். தாடி வளர்த்தவர்களும் மூக்குக்கண்ணாடி போட்டவர்களும் புதுப் படம் சேர்த்துக்கொள்ளலாம். "கரி பூசினவன்னு தனியா இல்லை. தாடின்னு போட்டுக்கறேன்" என்றார்.

படம் எடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. "சுக்தேவ் நோனியா வெளியேறினார்."

சுக்தேவ் பாய்ந்து போய்க் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு குளத்துக்கு ஓடினான்.

அடுத்தவன் முகம் காட்டினான். இயந்திரத்துக்குக் கரி முகம் பழகிவிட்டது. "சுக்தேவ் நோனியா வெளியேறினார்." அதற்கடுத்தவனும் சுக்தேவ் நோனியா. முகுட்டி சாஹபும் சுக்தேவ் நோனியாவாகவே கௌரவமாக வெளியேறினார். எல்லோருமாகக் குளியலறைக்குப் போனார்கள். பூட்டியிருந்தது. சுக்தேவ் நோனியா ஒருவருக்கு ஒரு வாளி தண்ணீர்தானாம், கணக்கில் கொடுத்தாகிவிட்டதாம். எல்லோரும் குளத்துக்கு நடந்தார்கள்.

குளத்தில் ராஜ்மதி இடுப்பளவு தண்ணீரில் கூடைப் படையலை முறத்தில் ஏந்தி நின்றாள். சூரியனில் பாதி மிச்சமிருந்தது. சுக்தேவ் முறத்தின் விளிம்பில் பால் ஊற்றினான். வேண்டுதல் நிறைவேறியது.

அப்போதுதான் கோலியரியில் அபாயச் சங்கு ஊதியது. இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு திரிவேணி பாபு கரைக்கு ஓடிவந்தார்.

"சுக்தேவா! உன்னைத் தவிர மொத்த ஷிப்டும் கீழ மாட்டிக்கிச்சு! மீட்புக்கு ஆள் வேணும், வா! வேற ஆளே இல்லை. நாளைக்கு மூணு ஷிப்டும் நீதான்!"

சுக்தேவ் சுற்றிலும் பார்த்தான். கழுத்தளவு தண்ணீரில் மொத்த ஷிப்டும் முகம் கழுவிக்கொண்டிருந்தது.

பாபு பெயர் கூப்பிட ஆரம்பித்தார். "லட்டன் பாஸ்வான்!" லட்டன் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் மூழ்கினான். ஹாஜிர் சொன்னவனைத்தானே சாட்சியோடு குழிக்குள் தேடுவார்கள்! "கோவர்தன் துரி!" கோவர்தனும் மூழ்கினான். "முகுட்டி சாஹப்!" சாஹபும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

"ஒருத்தரும் இல்லையா?" பாபுவின் குரல் உடைந்தது.

"இல்லை பாபு" என்றான் சுக்தேவ். பிறகு அவனுக்கே பாவமாக இருந்தது. "ஆமா, நீங்க வெளிய வரும்போது முகம் காட்டினீங்களா?"

பாபு திடுக்கிட்டார். இயந்திரத்தை நீட்டிப் பிடித்துத் தன் சுத்தமான முகத்தை அவசரமாகக் காட்டினார். இருட்டிவிட்டிருந்தது.

"அடையாளம் தெரியவில்லை. ஊழியர் சுரங்கத்துக்குள் இருக்கிறார்."

பாபு இயந்திரத்தைக் கரையில் வைத்தார். அவர் காலடியில் தண்ணீர் சலசலத்து ஒரு தலை மேலே வந்தது. முகுட்டி சாஹப்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க பாபு. கீழ ஒண்ணும் அவ்வளவு மோசமில்லை."