அவுரி பங்களாவின் அங்கீகரிக்கப்பட்ட பேய்

ஒரு பழைய கட்டடம் இடிபடாமல் தப்ப வேண்டுமென்றால் அதில் ஒரு பெரிய மனிதர் குடியிருக்க வேண்டும், அல்லது ஒரு பேயாவது குடியிருக்க வேண்டும். வேலப்பன்சாவடிக்குப் பின்னால் இருக்கும் அவுரி பங்களாவுக்குப் பெரிய மனிதர் யாரும் வாய்க்கவில்லை.

கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவன் சுற்றிலும் அவுரி பயிரிட்டு, செடியைத் தொட்டியில் ஊறவைத்து, நீலச் சாயம் எடுத்துக் கப்பலேற்றிய இடம் அது. இப்போது அவுரியும் இல்லை, துரையும் இல்லை. வாசலில் இருந்த காவல்காரன் அறையில் ஜரினாக்காவின் டீக்கடை மட்டும் இருந்தது. கணவர் போன பிறகு அந்த பாய்லரை நம்பித்தான் அக்கா இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். பங்களாவை இடித்து வாகன நிறுத்தம் கட்டப்போவதாக அறிவிப்பு ஒட்டிய அன்று அக்கா டீயில் சர்க்கரை போட மறந்தார். விஷயம் எவ்வளவு பெரியது என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

நல்லவேளை, அந்தச் சமயத்தில் பேய் ஃபேஷனாகிவிட்டது. சனி ஞாயிறானால் ஜனங்கள் பாழடைந்த வீடுகளைத் தேடிப் போய், முறையாகப் பயந்து, பயந்த முகத்தைப் படம் பிடித்துப் போட்டார்கள். மக்கள் இவ்வளவு ஆசையாகப் பயப்படும்போது அரசு சும்மா இருக்குமா? மரபுசார் அமானுஷ்ய மேம்பாட்டுப் பிரிவு உதயமானது. தகுதியுள்ள பேய் வசிக்கும் கட்டடத்தை இடிக்கலாகாது என்று உத்தரவு பிறந்தது. தகுதியை ஆராய, சிறப்பு அலுவலர் வீரராகவன் ஜீப்பில் வந்து இறங்கினார்.

எங்களுக்குக் கவலையே இல்லை. எங்களிடம் இருந்தது அசல் பேய். ஷேர் ஆட்டோ ஓட்டும் வேம்புலியின் கொள்ளுத்தாத்தாவுக்கும் தாத்தா, பெயர் ஜம்புலிங்கம். அவுரித் தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று நாளெல்லாம் அடித்துக் கலக்கும் வேலை. ஒருநாள் காய்ச்சலோடு கரையேறியவரைத் துரை சவுக்கால் விளாசி மறுபடி இறக்கினான். அவர் அப்புறம் ஏறவேயில்லை. பொழுது சாய்ந்தால் காலித் தொட்டியில் தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்கும். எங்கள் ஊரில் பிறந்தவர்கள் அந்தத் தொட்டிப் பக்கம் காலை நீட்டி உட்காரமாட்டார்கள்.

வீரராகவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இறந்தவர் என்ன வேலை பார்த்தார்?"

"கூலி சார்" என்றான் வேம்புலி.

"கூலிப் பேய் எல்லா ஊர்லயும் இருக்குப்பா. டிக்கெட் எடுத்து வர்றவன் இதைப் பார்க்கவா வருவான்? துரைசாணி யாராவது செத்திருக்காங்களா? வெள்ளை கவுன், கையில மெழுகுவத்தி, அந்த மாதிரி?"

வேம்புலி எங்களைப் பார்த்தான். நாங்கள் ஜரினாக்காவைப் பார்த்தோம். அக்கா பாய்லரைப் பார்த்தார்.

"கீது சார்" என்றார் அக்கா. "பொழுது சாஞ்சா டெய்லி நம்ம கடைக்குத்தான் வரும். அந்த மூலை பெஞ்சுல குந்திகினு ஒரு லைட் டீ குடிக்கும். கடை இல்லாங்காட்டி அது வேற ஊரைப் பார்த்துகினு பூடும் சார்."

அக்காவின் சாமர்த்தியத்தில் நாங்கள் சொக்கிப்போனோம். டீயில் சர்க்கரை உண்டா என்று அலுவலர் கேட்டார். சேர்த்துக்கொள்ளாது, துரைசாணிக்கு உடம்பு முக்கியம் என்று ஒரே குரலில் சொன்னோம். நேரில் கண்ட சாட்சிகளாக எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். வேம்புலி மட்டும் கொஞ்ச நேரம் தொட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, அக்காவின் கடையாவது பிழைக்கட்டும் என்று அவனும் போட்டான்.

அங்கீகாரம் வந்த அன்று ஊருக்கே இலவச டீ. அடுத்த வாரம் விரிவான உத்தரவு வந்தது. மேற்படி டீக்கடை, துரைசாணி அவர்களின் வழக்கமான அமர்விடம் என்பதால் பாய்லர், பெஞ்சு, டம்ளர் அனைத்தும் இருந்தது இருந்தபடி பாதுகாக்கப்படும். சுற்றிலும் கண்ணாடித் தடுப்பு அமைக்கப்படும். அமர்விடத்தை ஆக்கிரமித்திருக்கும் உயிருள்ள நபர் உடனே வெளியேற்றப்படுவார். பார்வையாளர்களின் வண்டிகளை நிறுத்த, பயன்பாட்டில் இல்லாத தொட்டி ஒன்று சிமென்ட் போட்டு மூடப்படும்.

திறப்பு விழாவன்று அக்கா வீரராகவனை வழிமறித்தார்.

"என் கடைக்குள்ள நானே போவக்கூடாதா சார்?"

"உயிரோட இருக்கிறவங்களுக்கு அனுமதி இல்லம்மா."

"செத்துட்டு வந்தா வுடுவியா சார்?"

வீரராகவன் நல்ல மனிதர். உத்தரவைப் பிரித்து முதலிலிருந்து கடைசிவரை சிரத்தையாகப் படித்தார்.

"உள்ளூர்ல செத்தவங்களுக்கு இதுல வழி இல்லையேம்மா" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் கையில் டிக்கெட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். பட்டாபிராமிலிருந்து சவாரி ஏற்றி வந்த வேம்புலியும் எங்களோடு நின்றான். அவன் ஆட்டோ தொட்டி இருந்த இடத்தின் மேல் நின்றது. வரிசை நகர்ந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போனதும், அவனோடு வந்த சவாரி எட்டிப் பார்த்துவிட்டு, பெஞ்சு காலியாக இருக்கிறதே, துரைசாணி எங்கே என்று கேட்டார்.

"அதோ, மூலையில குந்திகினு டீ குடிக்குது பாரு சார்" என்றான் வேம்புலி. நேரில் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் வேறு என்னதான் சொல்வான்?