மாட்டு டாக்டரின் லாட்ஜ்

பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டபடி சடங்கு வசனம் சொல்லிக்கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். மெல்பர்னிலிருந்து இரண்டரை மணி நேரம் தள்ளி, ஒரு பால்பண்ணை ஊரில் நான் பார்மசிஸ்டாக இருந்தபோது அவர் அங்கே கால்நடை மருத்துவர். யாழ்ப்பாணத்துக்காரர். ஊருக்கு அவர் ‘டாக்’. எங்கள் வீட்டில் மாட்டு டாக்டர்.

அவருடைய உயிர் அந்த ஊர் லாட்ஜில் இருந்தது. ரூம் போடும் லாட்ஜ் இல்லை. ஏப்ரன் கட்டி, கதவைச் சாத்தி, பழைய சடங்குகளைச் செய்து, ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொள்ளும் சங்கம். இதை என் மனைவிக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. “மாசம் ஒரு புதன்கிழமை லாட்ஜுக்குப் போறீங்கன்னு எங்கம்மாகிட்ட நான் எப்படிச் சொல்றது?” என்றாள்.

என்னை இழுத்துவிட்டவரும் டாக்டர்தான். இருமல் மருந்து கேட்டு வந்தவர், மருந்தை மறந்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ஆறு பேர்தான் மிஞ்சியிருக்கிறம். ஏழு பேர் இல்லாட்டி லாட்ஜைத் திறக்கேலாது. நீர் வந்து சும்மா கதிரையில இருந்தாக் காணும்.”

சும்மா இருக்க விட்டால்தானே. வசனம் முழுவதும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. மற்ற ஐவரும் எழுபது தாண்டிய பண்ணைக்காரர்கள். ஒத்திகை என்றால் தலைமறைவாகிவிடுவார்கள். டாக்டர் அவர்களைத் தொழுவத்திலேயே மடக்கினார். சினை பார்க்கக் கை உள்ளே போனபின், மாட்டின் தலையைப் பிடித்திருப்பவர் எங்கே ஓடுவது? ஒரு பத்தியைப் பிழையில்லாமல் ஒப்பித்தால்தான் சினையா இல்லையா என்பதையே சொல்வார்.

இன்னொன்று. டாக்டர் சின்ன வயதில் கோயிலில் தேவாரம் பாடியவர். ஆங்கில வசனமும் அவருக்கு அந்த ராகத்தில்தான் ஏறியது. அப்படியே மற்றவர்களுக்கும் இறக்கினார். கென் என்ற கிழவர், தான் பாடுவது தேவார ராகம் என்றே தெரியாமல் உருகி உருகி இழுப்பார்.

ஒருநாள் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பேர் நேரில் வந்து பார்ப்பார்களாம். சடங்கு ஒழுங்காக நடக்காவிட்டால் பக்கத்து நகரத்து லாட்ஜோடு சேர்த்துவிடுவார்களாம். பெரிய உரை டாக்டருடையது. அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு பசு அவர் தாடையில் உதைத்தது. எலும்பில் விரிசல்.

கறுப்பு சூட்டும், தலையைச் சுற்றிய கட்டுமாக டாக்டர் வந்து உட்கார்ந்தார். அவருடைய உரையைச் சொல்ல கென் எழுந்தார். மெல்பர்ன் பெரிய மனிதர்களைப் பார்த்த மிரட்சியில் ராகத்தை விட்டுவிட்டுச் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார்.

அப்போது டாக்டர் மூக்கால் மெல்ல முனகினார். ராகம் மட்டும்தான், சொல் இல்லை. கென் கண்ணை மூடிக்கொண்டார். அங்கிருந்து பிடித்தவர் கடைசி வரிவரை எங்கும் நிற்கவில்லை. நாங்களும் எங்கள் முறை வந்தபோது அதே ராகத்தில் முழங்கினோம்.

தேநீரின்போது வந்தவர்களில் ஒருவர், இது பழைய ஸ்காட்லாந்து முறையா என்று பயபக்தியோடு கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் கட்டுக்குள்ளிருந்து, யாழ்ப்பாணத்து ஆமாமாக, “ஓம்” என்றார். ஆமாம் என்று புரிந்ததோ, மந்திரம் என்று புரிந்ததோ, கேட்டவர் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே, லாட்ஜ் அதே ஊரில் தொடரலாம் என்று கடிதம் வந்தது. கென் அதை மருந்துக்கடைக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டு, கவுண்டரில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார்.

டாக்டர் ஆறு வாரம் பேசக் கூடாது. தினமும் காலை ஆறரைக்குப் போன் செய்து என் உச்சரிப்பைத் திருத்துகிறவர் அவர். இனி நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். ஆறேகாலுக்கே விழித்துக் கிடந்தேன். ஏழாவது வாரம் போன் அடித்தது.

“தம்பி, அண்டைக்குச் சடங்கில, ரெண்டாவது பந்தியில நீர் ஒரு சொல்லை விழுங்கிப்போட்டீர்.”

யார் என்று மனைவி கேட்டாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, அந்தப் பத்தியை ராகத்தோடு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.